குற்றால சீசனும் சர்ப்பகந்தி வேரும்: மூலிகை வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் அருவிக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்வது கடைவீதியில்தான். வேர், பட்டை, பொடி என்று மூலிகை ஏதாவது வாங்கிக்கொண்டு ஊர் திரும்புபவர்கள் நிறையப் பேர். இது எந்த நோய்க்கு என்று கேட்கிறோம். விலையைக் கேட்டுப் பேரம் பேசுகிறோம். ஆனா, "இது காட்டில் பிடுங்கியதா, தோட்டத்தில் வளர்த்ததா?" என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. சர்ப்பகந்தி என்ற பூச்செடி பிழைப்பதும் அழிவதும் அந்தக் கேள்வியைப் பொறுத்ததுதான்.

*அது என்ன செடி?*

அதிகபட்சம் இடுப்பளவு வளரும் சிறிய புதர்ச்செடி. கணுவுக்கு மூன்று மூன்றாக இலைகள், சிவந்த காம்பில் கொத்தாக வெள்ளைப் பூக்கள், பழுத்தால் கருஊதா நிறத்தில் சின்னப் பழங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை உட்பட இந்தியாவின் ஈரமான காடுகளில் மர நிழலில் வளரும். தாவரவியல் பெயர் ராவோல்ஃபியா செர்பென்டினா.

*ஏன் இவ்வளவு கிராக்கி?*

பாம்புக்கடி, தூக்கமின்மை, மனநோய் என்று பல சிக்கல்களுக்கு நாட்டு மருத்துவத்தில் இதன் வேரைப் பயன்படுத்தி வந்தார்கள். 1949-ல் மும்பை இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் இதயநோய் ஆய்விதழில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன விஞ்ஞானிகள் வேரிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பி.பி. மாத்திரையாக அது உலகம் முழுக்கப் போனது. இன்று பி.பி.க்குப் புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனாலும் ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்காக வேரின் தேவை தொடர்கிறது.

*வேர் எடுத்தால் என்ன ஆகும்?*

இலையைப் பறித்தால் மறுபடி துளிர்க்கும். பழத்தைப் பறித்தாலும் செடி நிற்கும். வேரை எடுக்க முழுச் செடியையும் பிடுங்க வேண்டும். பழம் பழுத்து விதை விழுவதற்குள் பிடுங்கிவிட்டால் அடுத்த தலைமுறையும் சேர்ந்தே போய்விடும். விதை விழுந்தாலும் அதன் ஓடு கடினமானது என்பதால் முளைப்பது குறைவு. காட்டில் இதன் எண்ணிக்கை சரிய இதுதான் முக்கியக் காரணம்.

*சட்டம் இல்லையா?*

இருக்கிறது. அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1990 முதல் சர்ப்பகந்தி இடம்பெற்றுள்ளது. அனுமதி இல்லாமல் நாடு தாண்டக் கூடாது. குற்றாலம் மலைக்காடுகளோ 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தவை. அங்கே அனுமதியின்றி எந்தச் செடியைப் பிடுங்குவதும் குற்றம்.

ஆனா சைட்டிஸ் சோதனை நடப்பது துறைமுகத்திலும் விமான நிலையத்திலும். செடி சாவது காட்டில். நடுவில் எத்தனையோ கை மாறி மூட்டையில் வந்து சேரும் காய்ந்த வேரைப் பார்த்து, அது எந்த மண்ணில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பிடுங்கியவரைப் பிடித்து அபராதம் போடுவதால் மட்டும் இது தீராது. இந்தச் சங்கிலியில் மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

*அப்போ தீர்வு?*

வயலில் வளர்ப்பது. இது கைக்கெட்டாத விஷயம் இல்லை. பயிரிடுவதற்கென்றே ஆர்.எஸ்.1 போன்ற ரகங்கள் இருக்கின்றன. சுமார் 18 மாதத்தில் வேர் அறுவடைக்கு வரும். விதை சரியாக முளைக்காவிட்டால் வேர்த்துண்டு, தண்டுத்துண்டு நட்டும் வளர்க்கலாம்.

சிக்கல் விலையில் இருக்கிறது. விவசாயி ஒன்றரை வருடம் தண்ணீர் பாய்ச்சிக் களை எடுக்க வேண்டும். காட்டு வேருக்கு அந்தச் செலவே கிடையாது. இரண்டும் ஒரே சந்தையில் ஒரே பெயரில் விற்றால் விவசாயிதான் தோற்பார். அதனால் மருந்து நிறுவனங்கள் வேர் எங்கே விளைந்தது என்பதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். இதை அரசு கட்டாயமாக்க வேண்டும். தென்காசி மாவட்டத்தில் நாற்றுப் பண்ணைகள் அமைத்து, காட்டை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம். செடிகளை நன்றாக அடையாளம் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

*நாம் என்ன செய்யலாம்?*

பெயரும் ஊரும் அச்சிடாத வேரை வாங்காதீர்கள். சர்ப்பகந்தி என்ற பெயரில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே பரவிய அதன் உறவுச் செடியான பாம்புக்களாவின் வேரைக் கலப்பதும் உண்டு. அசல் வேராகவே இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடுவது ஆபத்து. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம், மனச்சோர்வும் வரலாம்.

இந்த சீசனில் குற்றாலம் போனால், கடையில் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம். ஆயிரம் பேர் கேட்டால், தனக்குச் சரக்கு தருபவரிடம் அவரும் அதையே கேட்க வேண்டிவரும்.