ஈடு மீட்டல்

இம்மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது இலக்கிய ஆராய்ச்சியாகவே இருந்திருக்கும். யானோ வீட்டுக் கடனைப் பற்றி எழுதத் துணிந்தேன். கடந்த சில ஆண்டுகளாக எமது ஆசிரியர் அறையிலே சிலப்பதிகாரத்தைக் காட்டிலும் மிகுதியாகப் பேசப்பட்ட பொருள் அதுவேயாகலின், அதனை எழுத்தில் வைப்பதில் தவறில்லையென எண்ணுகின்றேன். கடன்பட்டு வீடு கட்டியவர் அக்கடனைத் தவணை முடியுமுன்னரே தீர்க்க முயலுதல் வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குச் சில புறநடைகளும் உள. அவற்றையும் மறையாது கூறுவேன்.

கடன் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிற் கடமை என்பதே முதன்மையான பொருள். பிறர்பாற் பெற்ற பொருளைத் திருப்பிக் கொடுத்தலும் கடமையாதலின், அச்சொல் பிற்காலத்தில் அப்பொருளையே சிறப்பாகக் குறிக்கலாயிற்று. இலங்கை வேந்தன் கலங்கிய நிலைக்குக் கடனாளியின் நெஞ்சத்தை உவமை கூறும் அடியைக் கம்பனுடையதென மேடைதோறும் முழங்குகின்றனர். எம் மாணவரும் அவ்வாறே விடைத்தாள்களில் எழுதுகின்றனர். கம்பராமாயணத்தில் அவ்வடியைத் தேடிக் களைத்தவருள் யானும் ஒருவன். அஃது ஆங்கில்லை. எவர் பாடியதாயினும் பாடியவர் கடன்பட்டு அறிந்தவர் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

யாழ்ப்பாணத்தார்க்கு ஈடு புதிதன்று. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலே திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் ஒற்றி விரிவாகக் கூறப்படுகின்றது. ஒற்றி பிடித்தவர் காணியின் விளைவை வட்டிக்கு ஈடாக அனுபவிப்பர். உடையவர் முதலைக் கொடுத்து மீட்கும் நாள்வரை அது தொடரும். மீட்கும் காலம்கூடப் பயிரின் பருவத்தை ஒட்டியே வகுக்கப்பட்டிருந்தது. என் பாட்டனார் தமது பனங்காணியை ஒற்றி வைத்து, மீட்பதற்குப் பதினெட்டு ஆண்டு பாடுபட்டார். தாம் வளர்த்த வடலிகள் பனையாகிப் பழம் உதிர்க்க, அப்பழத்தைப் பிறர் பொறுக்கிச் செல்வதை வேலிக்கு இப்பால் நின்று பார்த்திருந்தார் என அம்மா இன்றும் கூறுவார். ஆயினும் அந்தப் பழைய முறையில் ஒரு நன்மை இருந்தது. எத்தனை ஆண்டு கழியினும் கடன் வளராது. ஆயிரம் ரூபாவுக்கு வைத்த காணியை ஆயிரத்துக்கே மீட்கலாம்.

வங்கிக் கடனின் இயல்பு வேறு. அதனை ஒரு கணக்கினாற் காட்டுகின்றேன். கணிதம் எனது துறையன்றாயினும் இதனை எமது கணித ஆசிரியர் சரிபார்த்துத் தந்துள்ளார். ஒருவர் 30 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், 20 ஆண்டுத் தவணைக்குப் பெறுகின்றார் எனக் கொள்வோம். மாதத் தவணை 33,033 ரூபா. முதல் மாதத்தில் அவர் செலுத்தும் பணத்தில் 30,000 ரூபா வட்டிக்கே போய்விடும். முதலிற் குறைவது 3,033 ரூபா மாத்திரமே. பத்து ஆண்டுகளில் அவர் ஏறக்குறைய 39 இலட்சத்து 64 ஆயிரம் ரூபா செலுத்தியிருப்பார். அந்நாளிலும் அவர் கொடுக்கவேண்டிய மீதி 23 இலட்சம். முதலிற் பாதி தீர்வதற்குப் பதினைந்து ஆண்டு செல்லும். தவணை முடியும்வரை காத்திருப்பாராயின் வட்டி மட்டும் 49 இலட்சத்தைக் கடக்கும்.

அவரே முதல் மாதந் தொடங்கி ஐயாயிரம் ரூபா கூட்டிச் செலுத்துவாராயின் கடன் பதின்மூன்று ஆண்டும் ஒரு மாதமும் ஆகத் தீர்ந்துவிடும். மேலதிகமாகக் கொடுத்தது எட்டு இலட்சத்துக்குட்பட்டது. மிஞ்சிய வட்டியோ ஏறக்குறைய 20 இலட்சம். இதனிலும் வியப்பானது ஒன்றுண்டு. முதலாம் ஆண்டு முடிவில் ஓர் இலட்சம் ரூபாவை முதலிற் கட்டினால் ஈற்றிலுள்ள தவணைகளில் இருபத்தைந்துக்கு மேல் இல்லாதொழியும். அதே இலட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டு முடிவிற் கட்டினால் ஒழிவன ஐந்து தவணைகளே. ஓய்வூதியத்தோடு கிடைக்கும் மொத்தப் பணத்திலே கடனைத் தீர்ப்போம் என்று காத்திருக்கும் நண்பர்கள் இவ்விரண்டு எண்களையும் ஒருகால் அருகருகே வைத்து நோக்குவாராக.

இவையெல்லாம் வட்டி வீதம் மாறாதிருக்கும்பொழுது சரி. யான் 2018 இல் எடுத்த கடன் மாறும் வட்டிக்குரியது. கைச்சாத்திட்ட அன்று அச்சொல்லின் பொருளை யான் ஆராயவில்லை. நன்னூலுக்கு உரை கூறுபவன் தன் ஈட்டுமுறிக்கு உரை காணாது கையொப்பமிட்டான்! 2022 ஏப்பிரில் 8 ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி தனது கடன்வழங்கல் வசதி வீதத்தை 7.5 இலிருந்து 14.5 சதவீதத்துக்கு ஒரே நாளில் உயர்த்திற்று. அடுத்த ஆண்டு மார்ச்சில் அது 16.5 ஆயிற்று. வணிக வங்கிகளின் வீதங்களோ அதனினும் மேலே சென்றன. மேற்கூறிய 30 இலட்சக் கடனுக்கு வட்டி 24 சதவீதமாக உயர்ந்தால் மாத வட்டி மட்டும் 60,000 ரூபா. பழைய தவணையைக் கட்டிக்கொண்டே இருப்பவரின் கடன் மாதந்தோறும் வளரும். ஒற்றியில் நிகழாதது இங்கு நிகழும்.

எமக்கு அக்கடிதம் வந்த மாலையில் மனைவி அதனை இருமுறை வாசித்துவிட்டு, "இதை மாமிக்குக் காட்டாதேங்கோ" என்று மட்டும் கூறினார். அவ்வாண்டு விடைத்தாள் திருத்திய பணமும், பண்டிகை முற்பணமும், பிள்ளையின் பெயரிற் சேர்த்த சிறு தொகையும் அத்தவணைகளுக்கே சென்றன. காப்புகள் இரண்டு அடைவு கடைக்குப் போய் ஒன்றரை ஆண்டு கழித்தே மீண்டன. அதற்கு முன்னைய நான்கு ஆண்டுகளில் யாம் சிறிது சிறிதாக முதலைக் குறைத்திருந்தோம். அது செய்யாதிருந்தால் வீடு எமக்கு நின்றிருக்குமோ என்பது ஐயமே. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு பிடித்த வங்கி நீதிமன்றம் ஏறாமலே தன் பணிப்பாளர் சபையின் தீர்மானத்தினால் அவ்வாதனத்தை ஏலமிடலாம். 2024 இல் அவ்வதிகாரம் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டதும், நாடெங்கும் எத்தனை பேர் அவ்வேலத்தை அஞ்சியிருந்தனர் என்பதனாலேயே.

இனி, எனது கருத்தை மறுப்பவரின் நியாயத்தையும் கூறவேண்டும். எமது வணிகத்துறை ஆசிரியர் நிலையான வட்டிக்குக் கடன் எடுத்தவர். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தபொழுது அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, நீங்கள் நல்ல பணத்தால் அடைத்த கடனை யான் மெலிந்த பணத்தால் அடைக்கின்றேன்" என்றார். அவர் கூற்று உண்மை. நிலையான வட்டியும் வளரும் விலையும் சேருமிடத்துக் கடனாளியே ஆதாயமடைவான், விரைந்தவன் இழப்பான். ஆயின் விலை ஏறிய அளவுக்கு ஆசிரியரின் சம்பளம் ஏறியதோ? ஏறவில்லை. அரிசிக்கும் எண்ணெய்க்கும் பணம் போனபின் அதே தவணையைக் கட்ட அவரும் இடர்ப்பட்டார். கடதாசியில் இலாபம் கண்டார், கையிற் காணவில்லை. அவ்வளவே யான் கூறத்தக்க மறுமொழி. அது முழு வெற்றியன்று என்பதையும் ஒப்புகின்றேன்.

மற்றொரு புறநடை இன்னும் பாரதூரமானது. கையிலுள்ளதையெல்லாம் கடனுக்கே கொட்டிவிட்டு வெறுங்கையோடு இருத்தல் அறிவன்று. நண்பர் ஒருவர் சேமிப்பு முழுவதையும் முதலிற் கட்டிய மூன்றாம் மாதத்தில் நோய்வாய்ப்பட்டார். வங்கிக்குக் கட்டிய பணம் திரும்பி வாராது. அவர் கூடிய வட்டிக்கு வெளியிலே கைம்மாற்று வாங்க நேர்ந்தது. ஆறு மாதச் செலவுக்குரியது தனியே இருத்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டதே கடனுக்குரியது. அடைவு நகையின் வட்டியோ, கடனட்டையின் வட்டியோ வீட்டுக் கடன் வட்டியினும் மிக்கதாயின், அவற்றையே முதலில் ஒழித்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

யான் பட்ட ஓர் இழப்பையும் இங்குக் கூறினால் இளையோர்க்குப் பயன்படும். 2019 இல் ஐம்பதாயிரம் ரூபாவை மேலதிகமாகக் கட்டி, முதல் அவ்வளவு குறைந்ததென மகிழ்ந்திருந்தேன். ஓராண்டு கழிந்து கணக்குக் கூற்றை வாங்கிப் பார்த்தபொழுது, அத்தொகை வருங்காலத் தவணைகளுக்கான முற்பணமாக ஒதுக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. முதலில் ஒரு சதமும் குறையவில்லை. உத்தியோகத்தரைக் கேட்டபொழுது, "நீங்கள் எழுதித் தரவில்லையே" என்றார். தவறு எனதா அவரதா என்று இன்றும் தீர்மானிக்க இயலவில்லை. ஆதலின் மேலதிகப் பணம் கட்டுவோர், அது முதலிற் கழிக்கப்படல் வேண்டும் எனவும், தவணைத் தொகையைக் குறையாது காலத்தையே குறைத்தல் வேண்டும் எனவும் எழுத்தில் கொடுத்துப் பிரதியொன்றை வைத்திருப்பாராக. முற்கூட்டித் தீர்ப்பதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் கையொப்பமிடுமுன்னரே கேட்டறிதல் நன்று.

கடல் கடந்த எம் பழைய மாணவர்க்கும் இப்பிரச்சினை உண்டு. ரொறன்ரோவிலிருந்து வந்த வகுப்புத் தோழர் ஒருவர், தமது ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் முதலில் 15 சதவீதம்வரை தண்டமின்றிக் கட்டலாம் என்றார். கட்டுகின்றீரா எனக் கேட்டேன். ஊரில் மாடி வீடு கட்டுவதால் இயலவில்லை என்றார். ஆண்டிலே மூன்று கிழமை தங்குவதற்கு ஐந்து அறை! அங்கு ஒரு கடன். இங்கு ஒரு வெற்று மாளிகை. அவரைப் பார்த்து அயலவரும் கடன்பட்டு மாடி எடுக்கின்றனர். கடனை விரைந்து தீர்க்கும் வழிகளுள் தலையாயது சிறிய கடன் எடுத்தலேயாம் என்பதை அவரிடம் கூறினேன். நட்புக் கருதி அதற்குமேற் கூறவில்லை.

இத்துணை அவசரம் ஏன் எனச் சிலர் வினவலாம். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில் யான் இம்மாணவர்களின் பிராயத்தினன். மழையில் நடந்த அப்பொழுது அம்மா ஒரு துணிப்பையை மார்போடு அணைத்து வந்தார். அதனுள் நகை இல்லை. காணி உறுதிகளே இருந்தன. உறுதியைத் தொலைத்தவர்கள் மீண்டு வந்து தம் வளவைத் தமதென நிறுவ எத்தனை அலுவலகப் படிகள் ஏறினர் என்பதை இக்கல்லூரியின் குடும்பங்கள் பல அறியும். அவ்வுறுதி இப்பொழுது வேறொருவரின் இரும்புப் பெட்டகத்தில் இருக்கின்றது. எங்கள் வழமையில் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. ஈட்டிலுள்ள வீட்டை எந்த முகத்தோடு எழுதிக் கொடுப்பது? எனக்குப் பிணை நின்ற இரு ஆசிரியர்களும் ஓய்வுபெறும் வயதை அணுகுகின்றனர். அவர்கள் தம் வீட்டு முற்றத்தில் என்னைக் காணும்பொழுது கடனைப் பற்றிக் கேட்பதில்லை. கேளாமை கேட்டலினும் கனமாயிருக்கின்றது.

கடனைத் தீர்த்துவிட்டோம் என அத்துடன் வீட்டுக்குப் போய்விடுவோர்க்கும் ஒன்று சொல்லவேண்டியுளது. நொத்தாரிசு மூலம் ஈட்டு விடுதலை எழுதுவித்துக் காணிப் பதிவகத்தில் அதனைப் பதிவித்தாலன்றி, ஏட்டில் ஈடு ஈடாகவே நிற்கும். தந்தை தீர்த்த கடன் பதியப்படாமையால் முப்பது ஆண்டின் பின் மகன் காணி விற்க இயலாது நின்றமையை யான் நேரிற் கண்டுள்ளேன்.

எமது கடனில் இன்னும் ஆறு ஆண்டுத் தவணை எஞ்சியுள்ளது. வட்டி இறங்கியபின்னும் உயர்ந்த காலத்துத் தவணையையே குறையாது கட்டி வருகின்றோம். இக்கணக்கின்படி மூன்று ஆண்டிற் தீரும். அம்மாவுக்கு எண்பத்தொரு வயதாகின்றது. அந்தத் துணிப்பையை அவர் இன்னும் அலுமாரியில் மடித்து வைத்திருக்கின்றார்.