‘எச்.டி.’ என்ற முத்திரை மட்டும் போதுமா?



சென்ற மாதம் படிவம் நான்கு மாணவன் ஒருவன், பாடம் முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றான். “சார், வீட்டுக்குப் புது டிவி வாங்குனோம். 55 அங்குலம், 4கே. ஆனா காற்பந்து போட்டா புல்லெல்லாம் பச்சைச் சாயம் கலங்குன மாதிரி தெரியுது. கடையில பார்த்தப்ப அவ்வளவு அழகா இருந்துச்சு. தவணையில வாங்குனது சார். ஏமாந்துட்டோமோன்னு அப்பா கவலைப்படுறாரு,” என்றான்.

நான் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “டிவி நல்ல டிவிதான். அதற்குள் என்ன போகிறது என்று பார்த்தாயா?”

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ‘எச்.டி.’, ‘4கே’ போன்ற முத்திரைகள், திரையில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதை மட்டுமே சொல்கின்றன. படம் எவ்வளவு தரமாக வந்து சேர்கிறது என்பதைச் சொல்வதில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நாம் பணத்தைக் கொட்டுகிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு எச்.டி. படம் ஒன்றில் 1920 × 1080, அதாவது ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 24 பிட், ஒரு விநாடிக்கு 25 படங்கள் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 124 கோடி பிட்டுக்கு மேல் வேண்டும். அதாவது 1,240 மெகாபிட். இவ்வளவையும் அப்படியே யாராலும் ஒளிபரப்ப முடியாது. ஆகவே சுருக்குகிறார்கள். ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே மாறாத பகுதிகளை மீண்டும் அனுப்புவதில்லை. கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களையும் நீக்கிவிடுகிறார்கள்.

எவ்வளவு சுருக்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. புளூ-ரே வட்டில் காணொளிக்கு மட்டும் விநாடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. அந்த உச்ச அளவில் பார்த்தால் சுமார் 30 மடங்குச் சுருக்கம். வட்டைத் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு காட்சியையும் பொறுமையாக, பலமுறை அலசிச் சுருக்கலாம்.

ஒளிபரப்பின் நிலை வேறு. 2019 அக்டோபர் 31-ஆம் நாளோடு நம் நாடு முழுவதும் இலக்கவியல் ஒளிபரப்புக்கு மாறிவிட்டது. ஒரு அலைவரிசைப் பாதையின் அகலம் 8 மெகாஹெர்ட்ஸ். அதில் மிஞ்சிப் போனால் விநாடிக்கு 50 மெகாபிட்தான் செல்லும். அதையும் பல நிலையங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பேச்சுக்கு, 30 மெகாபிட்டைப் பத்து நிலையங்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 3 மெகாபிட். அப்போது சுருக்கம் 400 மடங்கைத் தாண்டிவிடும்! நேரடிப் போட்டி என்றால் அலசிப் பார்க்கவும் நேரமில்லை. அந்த நொடியிலேயே சுருக்கி அனுப்ப வேண்டும்.

செய்தி வாசிப்பவர் அசையாமல் அமர்ந்திருக்கும்போது இந்தச் சுருக்கம் தெரியாது. கேமரா திடலின் குறுக்கே ஓடும்போது ஒவ்வொரு புல்லும் இடம் மாறுகிறது. அனுப்ப வேண்டியது கூடிவிடுகிறது, இடம் கூடவில்லை. நுணுக்கம் பலியாகிறது. போதாக்குறைக்கு, 4கே திரையில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். 20 இலட்சம் புள்ளிகளோடு வரும் எச்.டி. படத்தைக் கொண்டு அதை நிரப்ப, நான்கில் மூன்று புள்ளிகளை டிவியே ஊகித்துப் போடுகிறது. திரை பெரிதானால் குறையும் பெரிதாகத் தெரிகிறது.

கடையில் மட்டும் ஏன் அழகாக இருந்தது? அங்கே என்ன ஓடுகிறது என்று கவனியுங்கள். மெல்ல விரியும் பூ, மிதக்கும் மீன், இரவு நகரம். எல்லாம் காட்சிக்கென்றே தயாரித்த தரமான கோப்புகள். காற்பந்து ஒளிபரப்பைப் போட்டுக் காட்டும் கடையை நான் இதுவரை பார்த்ததில்லை.

“இப்போது யார் சார் வட்டு வாங்குகிறார்கள்? எல்லாம் இணையம்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். இணையத்துக்கும் இதே விதிதான். புள்ளிகள் கூடுதலாக இருந்தும், பிட் குறைவாக வந்தால் படம் கலங்கும். ஒளிபரப்பை நான் குறை கூறவில்லை. ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கான வீடுகளுக்குச் செல்லும் வேலையை வட்டு செய்ய முடியாது. ஆனால், புள்ளிகளின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்பவர்கள், விநாடிக்கு எத்தனை மெகாபிட் தருகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். பால் டப்பாவில் எடையோடு சத்து அளவையும் அச்சிடுகிறார்களே, அதைப்போல.

அதுவரை நீங்களே சோதித்துப் பாருங்கள். டிவி வாங்கப் போனால், நன்கு பழகிய ஒரு காட்சியைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். வழக்கமாக வீட்டில் பார்க்கும் ஒளிபரப்பையும் போடச் சொல்லிப் பாருங்கள். மழை, அலை, இருட்டு, ஓடும் கூட்டம் ஆகிய நான்கும் நல்ல சோதனைகள்.

அந்த மாணவனிடம் என் புளூ-ரே வட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். வீட்டில் இருந்த பிளேஸ்டேஷனில் அப்பாவும் அவனும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மறுவாரம் வந்து சொன்னான்: “மழை பெய்றது துளித் துளியா தெரியுது சார். டிவி நல்லாத்தான் இருக்குன்னு அப்பா சொல்லிட்டாரு. ஆனா, இது தெரிஞ்சிருந்தா 4கே வாங்கியிருக்க மாட்டேன்னும் சொன்னாரு.”