கொதிநீரிலும் சாகாத பகை



கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மணக்கும். சரக்கு மூட்டையை உதறினால் பறக்கும் தூசியில், மண்ணிலிருந்து ஒட்டிவந்த பாக்டீரியா வித்துகளும் இருக்கும். அவற்றில் ஒரு வகை, ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ். 55 டிகிரி சூட்டில் செழித்து வளரும். அதன் வித்து கொதிநீரிலும் சாகாது. நமக்கு நோய் தராது, பயம் வேண்டாம். ஆனால் மசாலாவோடு டப்பா உணவுக்குள் புகுந்து, டப்பா சூடான இடத்தில் கிடந்தால், உள்ளே இருப்பதைப் புளிக்கவைத்துவிடும். டப்பா உப்புவதில்லை, திறந்தால்தான் தெரியும்.

இவ்வளவு கெட்டியான உயிரையும் உடைத்துப்போடும் வைரஸ் உண்டு என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச ஆசை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை ஃபேஜ் என்பார்கள். டிபி-84 என்ற ஃபேஜ் இதே பாக்டீரியாவைத் தாக்கும். வித்தாக உறங்கும்போது அல்ல, முளைத்து வளரும்போது.

ஃபேஜுக்குச் சூடு ஆகுமா என்ற கேள்விக்கு ஒரு பழைய செய்தி உண்டு. கங்கை, யமுனை நீர் காலரா கிருமியைக் கொல்கிறது என்று பாக்டீரியா ஆய்வாளர் எர்னஸ்ட் ஹான்கின் 1896-இல் எழுதினார். கொதிக்கவைத்தால் அந்தச் சக்தி போய்விடுவதையும் கவனித்தார். அது ஃபேஜ்களின் வேலையாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். அப்படியானால் வெந்நீர் ஊற்றில் வாழும் ஃபேஜ் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பொதுவாக ஃபேஜ் பாக்டீரியாவுக்குள் தன் மரபுப்பொருளைச் செலுத்தி, உள்ளேயே பெருகும். வெளியேறும் நேரம் வந்ததும் ஹோலின் என்ற புரதம் உட்சவ்வில் ஓட்டை போடும். அதன் வழியே எண்டோலைசின் என்ற நொதி போய்ச் செல்சுவரின் வலையை அறுக்கும். உள்ளிருக்கும் அழுத்தமே மிச்சத்தை முடித்துவிடும், செல் வெடிக்கும். சாதாரண நொதியாக இருந்தால் வெந்நீர் ஊற்றின் சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இறுகிப்போயிருக்கும். வெந்நீர் ஃபேஜின் நொதி இறுகுவதில்லை. ஐஸ்லாந்து ஊற்றில் தெர்மஸ் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு ஃபேஜிலிருந்து கிடைத்த டிஎஸ்2631 என்ற எண்டோலைசின், 95 டிகிரியில் வைத்தெடுத்த பிறகும் வேலை செய்கிறது.

என்னை மிகவும் ஈர்த்தது இதற்கு அடுத்த செய்திதான். இந்த நொதி வெளியிலிருந்தும் சில பாக்டீரியாக்களைத் துளைக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளை வாட்டும், மருந்துக்கு மசியாத அசினெட்டோபாக்டரையும் ஆய்வகச் சோதனையில் கொன்றிருக்கிறது. மருந்தாக நோயாளிக்கு வர வெகுதூரம் இருக்கிறது. ஆனாலும் மணிகரண், பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றுகள் நம் நாட்டில்தானே இருக்கின்றன? அந்த ஊற்றுகளின் ஃபேஜ்களை நம் இளம் ஆய்வாளர்கள் இன்னும் ஊன்றித் தேட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மருத்துவமனைகளில் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் அறையில் பணிபுரியும் வாசகர்களுக்கு ஜியோபேசில்லஸ் பழக்கமான பெயராக இருக்கும். 121 டிகிரி நீராவி தன் வேலையைச் சரியாகச் செய்ததா என்று சோதிக்க, அதன் வித்து தடவிய பட்டையைத்தான் உள்ளே வைக்கிறார்கள். உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்