ரெண்டு பேருக்குச் சாப்பிடணுமா? கரிசல் சீமைக் கர்ப்பிணிகளின் எடைக் கணக்கு!

``ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்மா, இன்னும் ஒரு கரண்டி வச்சுக்கோ...'' அருப்புக்கோட்டை பக்கம் ஒரு பொண்ணு முழுகாம இருக்கான்னு தெரிஞ்சதும் வீட்டுல கேட்குற முதல் வசனம் இதுதான்.

பாசத்துல சொல்றதுதான். ஆனா, கணக்கு வேற. நாலாவது மாசத்துலேருந்து ஒரு நாளைக்குக் கூடுதலா தேவைப்படுறது 350 கலோரிதான்னு சொல்லுது ஐ.சி.எம்.ஆர். ரெண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால்... அவ்வளவுதான். நம்ம விருதுநகர் எண்ணெய் பரோட்டா ஒண்ணு சால்னாவோட உள்ளே போனாலே கோட்டா காலி!

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல 40.4% பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். 2015-16 ஆய்வுல இது 30.9%. இன்னொரு பக்கம், கர்ப்பிணிகள்ல 48.3% பேருக்கு ரத்தசோகை. எடையும் கூடுது, ரத்தமும் குறையுது. எப்படி?

தட்டைப் பாருங்க. திருச்சுழி, நரிக்குடி மானாவாரிக் காடுகள்ல கம்பும் குதிரைவாலியும் இன்னும் விளையுது. ஆனா, விளையுற ஊர்லயே பல வீடுகள்ல மூணு வேளையும் அரிசிதான். 100 கிராம் கம்புல 6 மில்லி கிராமுக்கு மேல இரும்புச்சத்து இருக்கு. தீட்டின வெள்ளை அரிசியில 1 மில்லி கிராம்கூட இல்லை. கம்பங்கூழ் `இல்லாதவங்க சாப்பாடு'ன்னு ஒதுக்கினோம். இப்ப அதையே நகரத்து ஹோட்டல்கள்ல காசு கொடுத்துக் குடிக்கிறோம், அது தனிக்கதை.

ஆரம்ப சுகாதார நிலையத்துல தர்ற இரும்புச்சத்து மாத்திரையை டீயோட மட்டும் போடாதீங்க. டீ, இரும்பு உடம்புல சேர்றதைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காயோ சேர்த்துக்கிட்டா நல்லது.

அதுக்காக கர்ப்பத்துல டயட் இருந்து எடையைக் குறைக்கவும் கூடாது. 2009-ல வெளியான அமெரிக்க வழிகாட்டுதல்படி, சரியான எடையில இருக்குறவங்க 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். பி.எம்.ஐ 30-ஐத் தாண்டினவங்களுக்கு 5 முதல் 9 கிலோ போதும்.

அடுத்து, சர்க்கரை. எடை கூடக் கூட கர்ப்பகால சர்க்கரை நோய்க்கான ஆபத்தும் கூடும். சென்னை டாக்டர் வி.சேஷய்யா முன்னெடுத்த எளிய டெஸ்ட் இருக்கு. வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு, 2 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. 140-ஐத் தொட்டாலே கவனிக்கணும். முதல் செக்கப்ல நார்மல்னு வந்திருந்தாலும், 24-28 வாரத்துல மறுபடி எடுக்கணும். ஏழாம் மாச வளைகாப்பு வர்றதும் கிட்டத்தட்ட அப்பதான். கலவை சாதமும் லட்டும் ஊட்டறதுக்கு முன்னாடி, அந்த ரிசல்ட் வந்துடுச்சான்னு கேட்டுடுங்க.