குழியில் கலந்தால் எரு, ஊரில் கலந்தால் கொலை

எங்கள் ஆயா நாற்பது வருசம் குப்பை சுமந்தாள். கோடையில் ஆண்டை வீட்டு எருக்குழியை வெட்டுவார்கள். வண்டி இறங்காத கழனிக்கெல்லாம் கூடைதான், எங்கள் சேரிப் பெண்களின் தலைதான். "குழிய வெட்டுனா ஆவி பறக்கும்டா. காலு வெந்துபூடும். சும்மாட்டத் தாண்டி சாறு மூஞ்சில வழியும்" என்பாள். பொழுது சாய்ந்ததும் கூலி நெல்லை மேலேயிருந்து மடியில் கொட்டுவார்கள். கை படக்கூடாதாம். அந்தக் கை இறைத்துப் போட்ட எருவில் விளைந்த நெல் மட்டும் அவர்கள் உலையில் கொதிக்கலாம்.

அண்மையில் ஓர் இயற்கை வேளாண்மைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் பேசிய பெரியவர், எரு நம் முன்னோர் கண்ட அறிவு என்றார். ஏர் உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று சொன்ன வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். எல்லாம் சரி. நான் எழுந்து, "அய்யா, அந்த எருவ அள்ளுனது யாரு, சுமந்தது யாரு? அதையும் சொல்லுங்க" என்று கேட்டேன். முகம் சுளித்தார். "தம்பி, இதுல ஏன் சாதியக் கலக்குறீங்க?"

கலக்குகிறோமாம். தமிழ் படித்தவன் நான். அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை.

எரு என்பதே கலப்புதான். வெறும் வைக்கோலைக் குவித்தால் சீக்கிரத்தில் மக்காது. பச்சைச் சாணத்தை மட்டும் குவித்தால் அழுகி நாறும். சாணமும் சருகும், சாம்பலும் மாட்டு மூத்திரமும், காய்ந்ததும் பச்சையும் சேரவேண்டும். ஈரம் வேண்டும். காற்றுப் புகும்படி புரட்டிப் போடவேண்டும். அப்போதுதான் சூடேறி மக்கும். மக்கிய பிறகு எது சாணம், எது சருகு என்று எவனாலும் பிரித்துக் காட்ட முடியாது. இது எந்தக் குடியானவருக்கும் தெரியும். ஜெர்சிக் கலப்பு மாடு வாங்கக் கடனுக்கு அலைகிறவருக்கும் தெரியும்.

ஆனால் மகள் சேரிப் பையனைக் கட்டிக்கொண்டால் அதே வாய் "ரத்தம் கலந்துபோச்சே" என்று அலறுகிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகில், பட்டப்பகலில், சங்கரை வெட்டிக் கொன்றார்களே, எதற்கு? கௌசல்யாவும் அவரும் சாதி பார்க்காமல் மணந்துகொண்டதற்கு. மாட்டுக்கு ஆகிற கலப்பு மனுசனுக்கு ஆகாது என்றால், நீங்கள் காப்பாற்றுவது எந்த அறிவை?

இந்த அச்சம் நேற்று முளைத்ததல்ல. கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனன் போருக்குத் தயங்கிச் சொல்கிற காரணங்களில் ஒன்று வர்ணசங்கரம். குலம் அழியும், பெண்கள் கெடுவார்கள், வருணம் கலக்கும், கலந்தால் நரகம். சங்கரம் என்றால் கலப்பு. அமரகோசம் என்கிற வடமொழி நிகண்டில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: விளக்குமாற்றால் கூட்டித் தள்ளிய குப்பை. கவனியுங்கள், கலப்புக்கும் குப்பைக்கும் ஒரே சொல். பாலியில் அதன் உறவுச் சொல் சங்காரம். அதற்கும் குப்பை என்றுதான் பொருள். ஆனால் தம்மபதத்தில் புத்தர் என்ன சொல்கிறார்? பெருவழியில் கொட்டிய குப்பைமேட்டில்தான் மணமுள்ள தாமரை பூக்கிறது என்கிறார். ஒரு மரபுக்கு அந்தச் சொல்லில் நரகம் தெரிந்தது. இன்னொரு மரபுக்குப் பூ தெரிந்தது. நாம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

தமிழிலும் குப்பை இழிசொல்லாகப் பிறக்கவில்லை. சங்கப் பாட்டில் குப்பை என்றால் குவியல். உமணர் விற்ற உப்பின் குவியலும் குப்பைதான். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மா என்று பேர் வைத்தார்கள். இந்த உயிராவது தங்கட்டும் என்கிற வேண்டுதல் அது. இன்று "குப்பன் சுப்பன்" என்றால் படித்தவர் வாயில் ஏளனம். சொல் கெடவில்லை. அதைச் சுமந்தவர்களை இழிவாக்கினார்கள், சொல்லும் சேர்ந்து இழிவானது.

1939இல் பெங்களூரில் சி.என். ஆச்சார்யா என்ற அறிவியலாளர், நகரக் குப்பையையும் மனித மலத்தையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு எருவாக்கும் முறையை வகுத்தார். வேளாண்மைப் பாடநூலில் அதற்குப் பெங்களூர் முறை என்று பேர். நல்லது. அந்த மலத்தை வாளியில் அள்ளிக் குழிவரைக்கும் கொண்டுவந்தவர்களுக்கு எந்தப் பாடநூலிலும் பேரில்லை. அவர்களை அந்த வேலையிலிருந்து விடுவிக்க 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம்.

நம் தோழர்களிலும் சிலர், "கலப்பு மணம்னு சொல்லாதீங்க, சாதி மறுப்பு மணம்னு சொல்லுங்க" என்கிறார்கள். கலப்பு என்றாலே இரண்டு சாதியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. மறுப்பு வேண்டும். ஆனால் கலப்பு என்கிற சொல்லை எதிரி இழிவுபடுத்தினான் என்பதற்காக நாம் ஏன் அவனுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும்? அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இதைத் தெளிவாக்கினார். சேர்ந்து உண்பது மட்டும் போதாது, ரத்தக் கலப்பு ஒன்றுதான் உறவினர் என்கிற உணர்வைத் தரும் என்றார்.

சமபந்தி விருந்து வைக்கிறார்கள். ஒரே வரிசையில் உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள். சாப்பிட்டதும் அவரவர் தெருவுக்குப் போகிறோம். ஆயாவைக் கேட்டால் இதற்கு ஒரு வார்த்தை வைத்திருப்பாள்: அடுக்கி வச்ச குழி. சாணம் ஒரு அடுக்கு, சருகு ஒரு அடுக்கு. "பொரட்டாத குழி எருவாவாதுடா. மேல காயும், அடியில நாறும்."

அந்தப் பெரியவருக்கு அன்று கூட்டத்தில் நான் சொல்லாமல் வந்த பதில் இதுதான். அய்யா, சாதியை இதில் நாங்கள் கலக்கவில்லை. கூலி நெல்லை மேலேயிருந்து கொட்டிய நாளிலேயே அது உங்கள் எருவில் இருந்தது. நாங்கள் கேட்பது, குழியைப் புரட்டிப் போடுவதைத்தான். ஆவி பறக்கும், கால் சுடும். சுடட்டும். எங்கள் பெண்களுக்கு அது பழக்கந்தான்.