மருத்துவத் தகவல் கசிந்தால் இழப்பீடு யாருக்கு?

2024 செப்டம்பரில் சென்னையின் ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு வாடிக்கையாளர்களின் மருத்துவ அறிக்கைகள் டெலிகிராம் பாட் வழியாகவே கிடைத்தன. பாஸ்வேர்டுன்னா மாத்திடலாம், நோயை மாத்த முடியுமா?

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்தப் பணம் அரசுக்குத்தான் போகும், உங்களுக்கு அல்ல.

உங்களுக்கு இழப்பீடு வேண்டுமா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில், 5 கோடி ரூபாய் வரை மாநில ஐடி துறைச் செயலாளரிடம் கோரலாம். புதிய சட்டம் முழுமையாக அமலானதும் இந்தப் பிரிவு போய்விடும்.

நிறுவனத்தின் அலட்சியம், உங்கள் இழப்பு இரண்டையும் நிரூபிக்கணும். அதனால் நிறுவனத்தின் மெயில், மோசடி மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பாலிசி எண்ணையும் நோயையும் சரியாகச் சொல்லி யாராவது ஓடிபி கேட்டால், போனை வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.