வெள்ளைன்னா ஒரிஜினலா? நாய்கள் கண்காட்சியில் நிறம் தீர்ப்பை மாற்றுவது எப்படி?

கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சிக்குப் போனால் மாம்பழம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. அதையொட்டி நாய்கள் கண்காட்சியும் நடத்தப்படுவதுண்டு. ஓசூர்க்காரர்களுக்கோ சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. நாய் வாங்கவும் போட்டிக்குக் கொண்டுபோகவும் எல்லையைத் தாண்டினால் போதும். எந்தப் போட்டியாக இருந்தாலும் முடிவு வந்ததும் ஒரு புலம்பல் கேட்கும்: கலரைப் பார்த்துத்தான் பரிசு கொடுத்துட்டாங்க.

இது தோற்றவர்களின் ஆதங்கம் மட்டும்தானா? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது.

நடுவர் எதைப் பார்க்கிறார்?

நாய்கள் போட்டியில் ஒரு நாயை இன்னொரு நாயோடு ஒப்பிடுவதாகத்தான் வெளியிலிருந்து தெரியும். விதிப்படி அப்படி இல்லை. ஒவ்வொரு இனத்துக்கும் எழுதி வைக்கப்பட்ட ஒரு தரநிலை உண்டு. தலை, பல், முதுகு, நடை, சுபாவம், நிறம் எல்லாம் அதில் இருக்கும். யார் அந்த எழுத்துக்கு மிக அருகில் இருக்கிறாரோ அவருக்குப் பரிசு.

சிக்கல் என்னவென்றால், நடையையும் உடற்கட்டையும் எடைபோட அனுபவம் வேண்டும். நிறம் யாருக்கும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வளையத்துக்குள் ஒரு நாய்க்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பழகிப்போன நிறத்தில் வரும் நாய் ‘சரியான’ நாயாகத் தெரிவதும், பழக்கமில்லாத நிறம் கண்ணை உறுத்துவதும் அங்கேதான் நடக்கிறது. தரநிலை அனுமதித்த நிறமாகவே இருந்தாலும் சரி.

தரநிலையே ஊருக்கு ஊர் மாறும் என்பது இன்னொரு கூத்து. டாபர்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்சிஐ அமைப்பின் தரநிலையில் கருப்பு, பழுப்பு என இரண்டு நிறங்களுக்கு மட்டுமே இடம். அமெரிக்கன் கென்னல் கிளப்பில் நீலச் சாம்பலும் மங்கிய மஞ்சள் பழுப்பும் சேர்த்து நான்கு. அங்கே மேடை ஏறும் நாய் இங்கே வளையத்துக்குள்ளேயே நுழைய முடியாது. வெள்ளை ஜெர்மன் ஷெப்பர்டு கதை இன்னும் விசேஷம். ஜெர்மன் ஷெப்பர்டாக வந்தால் தகுதி நீக்கம். அதிலிருந்து உருவான வெள்ளை ஸ்விஸ் ஷெப்பர்டு எஃப்சிஐ பட்டியலில் தனி இனம்.

நம்ம ஊர் நாய்களுக்கு என்ன ஆகிறது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ராஜபாளையத்தில் வந்து நிற்கிறது. பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. அதுதான் அசல் என்ற எண்ணம் வளர்ப்பவர், வாங்குபவர், நடுவர் எல்லோரிடமும் ஊறிப்போயிருக்கிறது. குட்டிகளில் புள்ளியோடும் வேறு நிறத்தோடும் பிறப்பவற்றுக்கு மதிப்பில்லை. போட்டிக்கு வருவதற்கு முன்பே, குட்டிப் பருவத்திலேயே அவை கழிக்கப்பட்டுவிடுகின்றன. ஆக, வளையத்தில் நடுவர் ஒருதலைப்பட்சமாக நடந்தாரா என்று கேட்பதற்கு முன்பே பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

சரி, வெள்ளை பிடிக்கும் என்றால் பிடித்துவிட்டுப் போகட்டும், இதுல என்ன பிரச்னை?

காது. உட்காதில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் செல்கள் உயிரோடு இருக்க நிறமிச் செல்களின் துணை வேண்டும். உடலெங்கும் வெள்ளையைக் கொடுக்கும் சில மரபணுக்கள் அந்த நிறமிச் செல்கள் காதுக்குப் போய்ச் சேர்வதையும் தடுத்துவிடுகின்றன. அப்படி நடந்தால் பிறந்த சில வாரங்களில் அந்தக் காது செவிடாகிவிடும். ராஜபாளையம் நாய்களில் காது கேளாமை இருப்பதாக நீண்டகாலமாகச் சொல்லப்படுவதன் பின்னணி இதுதான். காவலுக்குப் பேர்போன நாய்க்குக் காது கேட்கவில்லை என்றால் தோட்டக்காரர் என்ன செய்வார்?

இதற்கு டால்மேஷியன் நல்ல எச்சரிக்கை. அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் சுமார் 30 சதவீத டால்மேஷியன்களுக்கு ஒரு காதிலோ இரண்டிலுமோ கேட்கும் திறன் இல்லை என்று தெரியவந்தது. பிறக்கும்போதே உடலில் பெரிய கருப்புத் திட்டு உள்ள குட்டிகளிடம் இந்தக் குறை குறைவு. ஆனால் அந்தத் திட்டு இருந்தால் போட்டியில் தகுதி நீக்கம்! காதுக்கு நல்ல அடையாளத்தைத் தரநிலை வெளியே தள்ளுகிறது.

கன்னியா, சிப்பிப்பாறையா?

நிறம் பரிசை மட்டுமல்ல, நாயின் பெயரையே மாற்றும். தென்மாவட்ட வேட்டை நாய்களில் கருப்பில் செம்பழுப்பு அடையாளம் உள்ளதைக் கன்னி என்பார்கள். மங்கிய பழுப்பு போன்ற ஒரே நிறத்தில் இருந்தால் சிப்பிப்பாறை. இரண்டும் நிறத்தால் மட்டுமே பிரிந்த ஒரே நாய்தான் என்று சொல்பவர்களும் உண்டு, ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவின் முதோல் நாய்க்குப் பெயரிலேயே தகராறு: கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அதை கேரவன் ஹவுண்ட் என்றே பதிவு செய்கிறது.

2020 ஆகஸ்டில் மன் கி பாத் உரையில் பிரதமர் மோடி முதோல், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களின் பெயரைச் சொன்ன பிறகு நாட்டு நாய்களுக்குக் கவனம் கூடியது. 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் இவற்றுக்கு முக்கியத்துவம் கொடுத்தது. தேவை கூடினால் ‘அசல் வெள்ளை’க்கான தேவையும் சேர்ந்தே கூடும்.

நடுவரைக் கேள்வி கேட்க முடியுமா?

தன் சொந்த நாய்க்கோ குடும்பத்தார் நாய்க்கோ ஒருவர் நடுவராக இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. அதைத் தாண்டி, எனக்கு இந்த நாய் பிடித்தது என்ற முடிவை யாரும் மாற்ற முடியாது. தரநிலையை மாற்றலாம், டாபர்மேன் நிறங்கள் அப்படித்தான் மாறின. வெள்ளை நாய்களுக்கு கேட்புத் திறன் சான்று கட்டாயம் என்று போட்டி விதியில் சேர்க்கலாம். ஒலியைக் கேட்கும்போது மூளைத்தண்டில் எழும் மின் அலைகளை அளக்கும் பேயர் சோதனையைக் குட்டிக்கு ஐந்து வாரம் ஆன பிறகு செய்ய முடியும்.

கைதட்டிப் பார்ப்பது போதாது. ஒரு காது மட்டும் கேட்கிற குட்டியும் திரும்பிப் பார்க்கும். அதைக் கண்டுபிடிக்காமல் இனப்பெருக்கத்துக்கு விட்டால் அடுத்த ஈற்றில் செவிட்டுக் குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு கூடும்.